ஆட்சேபணை இல்லை: வளைகுடா வாசலில் ஒரு தாளின் கதை



சென்ற மாத உரை முடிந்த பிறகு ஒரு பிள்ளை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். விடுமுறைக்குக் கொழும்புக்குப் போகும் வழியில் டுபாயில் இரண்டு நாள் தங்கினாராம். "அங்கிள், பாஸ்போட்டைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், போகச் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அப்பா மட்டும், புறப்படும் நாள் வரைக்கும், விசாப் பேப்பர் எங்கே, அங்கே யார் உனக்குப் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் அவருக்கு அவ்வளவு பயம்?" என்று கேட்டார்.

அவருடைய தந்தை எண்பதுகளின் கடைசியில் அபுதாபியில் வேலை செய்தவர். பிள்ளையின் கேள்விக்கு என்னால் இரண்டு வசனத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்த மாத உரை. ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

"யார் உனக்குப் பொறுப்பு?" என்ற அந்தக் கேள்வியில்தான் வளைகுடாவின் நூறு ஆண்டு விசா வரலாறு அடங்கியிருக்கிறது. வேறு நாடுகளுக்குப் போகும்போது விசா என்பது பெரும்பாலும் அரசுக்கும் பயணிக்கும் இடையிலான விஷயம். வளைகுடாவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர்தான் பயணிக்காகப் பிணை நிற்பவர். அரபியில் கபீல் என்பார்கள். தாளில் இருக்கும் பெயர் பயணியுடையது. தாளின் சொந்தக்காரர் வேறு ஒருவர். இது எப்படி வந்தது, எவ்வளவு மாறியது, நமது குடும்பங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

முத்துக்குளிப்புக் கணக்கு

எண்ணெய் கிடைப்பதற்கு முன் வளைகுடாக் கரை முத்தை நம்பி வாழ்ந்தது. நமது மன்னார்க் கரைக்கும் அந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. 1900களின் தொடக்கத்தில் மன்னாரில் நடந்த முத்துக்குளிப்புகளுக்கு வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் வந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு சுழியோடி, நகுதா என்று அழைக்கப்பட்ட படகுத் தலைவரிடம் பருவத்துக்கு முன்பே முற்பணம் வாங்குவார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். கடன் இருக்கும்வரை அவர் தன் விருப்பத்துக்கு வேறு நகுதாவிடம் போக முடியாது. போவதென்றால் பழைய நகுதா எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்று வேண்டும். அதற்கு 'பர்வா' என்று பெயர். இன்னார் எனக்கு இவ்வளவு தரவேண்டும், அல்லது ஒன்றும் தரவேண்டியதில்லை, என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாதவரை வேறு படகில் ஏற்றமாட்டார்கள்.

நான் தொழிலில் கணக்காளன். ஆகையால் இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படுகிறது. கணக்குப் புத்தகம் நகுதாவின் கையில் மட்டுமே இருந்தது. 1920களில் பஹ்ரேனில் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, சுழியோடிக்கும் சொந்தமாக ஒரு கணக்குப் புத்தகம் கொடுக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். படகுத் தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர் யப்பானின் செயற்கை முத்துகளும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து முத்துத் தொழிலையே சாய்த்துவிட்டன. ஆனால், போவதற்கு முதலாளியின் சீட்டு வேண்டும் என்ற பழக்கம் அதோடு போய்விடவில்லை.

பிரித்தானியரின் என்.ஓ.சி.

1820 முதல் பிரித்தானியர் இந்தக் கரையின் ஷேக்குகளோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தங்கள் செய்தார்கள். 1892 ஒப்பந்தத்தோடு வெளியுறவு முழுவதும் பிரித்தானியர் கைக்குப் போனது. அதை நடத்தியது இலண்டனை விட அதிகமாகப் பிரித்தானிய இந்திய அரசாங்கமே. அவர்களுடைய வதிவிடப் பிரதிநிதி பாரசீகக் கரையிலுள்ள புஷையரில் இருந்தார். 1946இல் அந்த அலுவலகம் பஹ்ரேனுக்கு மாறியது. கடைத்தெருவில் ஓடிய காசும் இந்திய ரூபாய்தான். 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது அந்தக் கரை ரூபாயைக் கைவிட ஒரு காரணமாயிற்று.

வெளிநாட்டவர் மீதான நீதி அதிகாரமும் பிரித்தானியர் கையில் இருந்தது. யார் உள்ளே வருகிறார்கள் என்பது ஆகவே அவர்களுடைய கவலையாயிற்று. 1932இல் பஹ்ரேனில் எண்ணெய் கிடைத்தது. கம்பனிகள் இந்தியாவிலிருந்து எழுதுவினைஞர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டப்படி அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். வந்து சேரும் இடத்திலும் ஒரு தாள் வேண்டும். இன்னாரை வரவழைக்க ஆட்சேபணை இல்லை என்ற தாள் அது. 'நோ ஒப்ஜெக்ஷன் சேர்ட்டிபிக்கேற்' என்ற நீண்ட பெயர் என்.ஓ.சி. என்று சுருங்கி, பின்னாளில் வளைகுடாவில் வேலை செய்த ஒவ்வொரு தமிழரின் வாயிலும் புகுந்துவிட்டது.

அந்தத் தாளைப் பெற, உள்ளூர் வியாபாரியோ கம்பனியோ பொறுப்பேற்க வேண்டும். வந்தவர் கடன் பட்டாலும் குற்றம் செய்தாலும் வேலை முடிந்து திருப்பி அனுப்பவேண்டி வந்தாலும் பொறுப்பேற்றவரையே பிடிப்பார்கள். இந்தப் பிணை முறை பாலைவன மக்களின் மிகப் பழைய வழக்கத்திலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பஹ்ரேன் வரலாற்றாய்வாளர் ஓமர் அல்-ஷெஹாபி பிரித்தானிய ஆவணங்களை ஆராய்ந்து, இன்று நாம் காணும் வடிவம் 1920களிலும் அதற்குப் பின்னும் குடியேற்ற ஆட்சியின் கீழ் உருவானது என்று எழுதியிருக்கிறார். காரணம் எளிது. கையில் அதிகாரிகளும் பொலிசாரும் குறைவு. ஒவ்வொரு வெளியாளையும் அரசே கண்காணித்தால் செலவு. ஒருவரைப் பிணை நிற்க வைத்தால் கண்காணிப்பும் அவர் தலையில், செலவும் அவர் தலையில்.

இப்போது அமீரகம் என்று சொல்கிற ஏழு சிற்றரசுகளுக்கான விசாவை 1971 வரை பிரித்தானிய அலுவலகங்களே வழங்கின. நமது பாட்டன்மாரின் காலத்தில் டுபாய்க்குப் போக விரும்பியவர் டுபாய் அரசரிடமல்ல, வெள்ளைக்கார அதிகாரியிடமே விண்ணப்பித்தார்.

மூடிக்கிடந்த நாடுகள்

துறைமுகத்தில் இறங்க அனுமதி கிடைத்தாலும் நாட்டின் உட்பகுதிக்குப் போக இன்னொரு அனுமதி வேண்டியிருந்தது. வில்பிரட் தெசிகர் என்ற ஆங்கிலப் பயணி வெறும் ஒட்டகங்களோடு ரூப் அல்-காலி என்ற பெரும் மணற்பாலையைக் கடந்தவர். 1947–48 குளிர்காலத்தில் சவூதி மன்னரின் அனுமதி இல்லாமல் அவர் மறு கரைக்கு வந்து சேர்ந்தபோது, சுலையில் என்ற ஊரில் தடுத்து வைக்கப்பட்டார். மன்னருக்கு நெருக்கமாக இருந்த பில்பி என்ற இன்னொரு ஆங்கிலேயர் பேசித்தான் அவர் விடுதலையானார். கவனித்துப் பாருங்கள். சாம்ராச்சியத்தின் மகனுக்கும் அங்கே பொறுப்புச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

ஓமான் இன்னும் இறுக்கமாக இருந்தது. 1932 முதல் 1970 வரை ஆண்ட சுல்தான் சயீத் பின் தைமூர், வெளிநாட்டவர் யார் வரலாம் என்பதைத் தானே முடிவு செய்தார். மஸ்கற் நகர வாசல்கள் இரவில், சூரியன் மறைந்து மூன்று மணித்தியாலத்தில் மூடப்பட்டன. அதற்குப் பின் தெருவில் நடப்பவர் கையில் விளக்கு இருக்கவேண்டும். சொந்த மக்களுக்கும் கட்டுப்பாடுதான். அனுமதியின்றி வெளிநாடு போய்ப் படித்தவர்கள் திரும்பி வர முடியாமல் தவித்தார்கள். 1970 ஜூலை 23இல் மகன் கபூஸ் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அவர்களைத் திரும்பி வரும்படி அழைத்தார். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் இருப்பது என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தாள் இல்லாதவர்கள் வேறு வழி தேடினார்கள். 1960களில் கேரளக் கரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் லாஞ்சிகளில் ஏறியவர்கள் கொர்பக்கான், புஜைரா பக்கத்துக் கடலில் இறக்கிவிடப்பட்டார்கள். கரை வரை கொண்டுபோனால் ஓட்டிக்குப் பிடிபடும் பயம். ஆகவே நீந்தித்தான் சேரவேண்டும். நீந்த முடியாமல் போனவர்களும் உண்டு. சேர்ந்தவர்கள் மலைகளைக் கடந்து டுபாய், சார்ஜாப் பக்கம் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மலையாளிகள். தலைமன்னாரிலிருந்து படகேறி, இராமேஸ்வரத்துக்கு முன்னால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட நமது சனங்கள் இந்தக் கதையைக் கேட்டால் தங்கள் கதை என்றே நினைப்பார்கள்.

அரசு மாறியது, பிணை மாறவில்லை

1971 டிசம்பர் 2இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. பிரித்தானிய அலுவலகத்தின் விசா வேலை புதிய அரசின் கைக்கு வந்தது. 1973இல் குடிவரவுக்கும் வதிவிடத்துக்கும் கூட்டாட்சிச் சட்டம் செய்தார்கள். குவைத்தில் அத்தகைய சட்டம் 1959லேயே வந்துவிட்டது. வாசலில் நிற்பவர் மாறினாரே தவிர, உனக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. 1973–74இல் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காக ஏறியதும் வேலைக்கு ஆள் தேடும் நாடுகளாக இவை மாறின.

இலங்கையில் 1977க்குப் பிறகு மத்திய கிழக்குப் பயணம் பெருகியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒரு காலத்தில் இலங்கை, 'எல்லா நாடுகளுக்கும்' என்று ஒரு கடவுச்சீட்டும், 'மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும்' என்று குறைந்த கட்டணத்தில் இன்னொரு கடவுச்சீட்டும் வழங்கியது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். இரண்டாவதை எடுத்தவருக்குப் புறப்படும்போதே உலகம் பாதியாகக் குறைந்துவிடும்.

நமது ஆட்கள் போன விதம் உங்களுக்குத் தெரியும். முகவருக்குக் காசு கட்டுவது, விசாவின் நகல் பக்ஸில் வரும்வரை காத்திருப்பது, அந்த மங்கல் தாளை மடித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது. அசல் விசாவைக் கபீலின் ஆள் அங்கே விமான நிலையத்தில் ஒப்படைத்திருப்பார். இறங்கியதும் அந்தக் கவுண்டரில் வரிசையில் நின்று பெயரைச் சொல்லி எடுக்கவேண்டும். எடுத்தால்தான் வாசல் திறக்கும். அசல் வந்து சேரவில்லை என்றால் கதிரையில் இருக்கவேண்டியதுதான். அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்ற அரை மணித்தியாலத்தை எவரும் மறப்பதில்லை. பிள்ளையின் தந்தை கேட்ட 'விசாப் பேப்பர் எங்கே' என்ற கேள்வி அந்த வரிசையில் பிறந்தது.

எண்பத்து மூன்றுக்குப் பின் போனவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கைச்சாத்திடவில்லை. ஆகவே அங்கே அகதி என்று ஒரு பெட்டியே விண்ணப்பத்தில் இல்லை. வேலையாள் என்று மட்டுமே இருக்கலாம். வேலை போனால் விசா போகும். விசா போனால் சில நாட்களுக்குள் வெளியேற வேண்டும். வெளியேறுவது என்றால் எந்த ஊரைவிட்டு ஓடி வந்தோமோ அந்த ஊருக்கே. மற்றவருக்கு வேலை இழப்பு என்பது சம்பள இழப்பு. நமக்கு அது வேறு விதமான ஆபத்து. அதனால்தான் சம்பளம் மூன்று மாதம் பிந்தினாலும் நமது ஆட்கள் வாய் திறக்கவில்லை. பலருக்கு வளைகுடா காத்திருக்கும் அறையாகவே இருந்தது. அங்கிருந்துதான் ஜேர்மனிக்கும் சுவிஸுக்கும் கனடாவுக்கும் வழி தேடினார்கள்.

குவைத்தும் கிஷ் தீவும்

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, விசா கொடுத்த அரசே ஒரே இரவில் இல்லாமல் போனது. கபீல்மார் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். கடவுச்சீட்டுகள் பூட்டிய அலுமாரிகளில் கிடந்தன. அங்கிருந்த இலங்கையர் சுமார் ஒரு இலட்சம் பேர். பெரும்பாலானோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். ஈராக் வழியாக ஜோர்தான் எல்லை வரை போய், பாலைவனக் கூடாரங்களில் தங்கி, ஊர் வந்து சேர்ந்தார்கள். இந்தியா அம்மானிலிருந்து தன் மக்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றியது.

இதில் ஒரு பின்கதை உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. குவைத்திலிருந்தோ ஈராக்கிலிருந்தோ அந்தக் காலத்தில் வெளியேற நேர்ந்ததைக் காட்டினால் போதும், தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 டொலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 டொலர் என்று வரையறுத்தார்கள். இலங்கைப் பணிப்பெண்களும் அதைப் பெற்றார்கள். அந்தக் கொடுப்பனவுகள் எல்லாப் பிரிவிலும் முடிவடைந்தது 2022இல்தான். ஒரு சிறு முத்திரை, ஒரு பழைய பயணச்சீட்டு, இவைதான் பலருக்குச் சாட்சியாக இருந்தன. அலுமாரியில் கிடக்கும் பழைய தாளைக் குப்பை என்று எறியாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிஷ் தீவை அறிந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அது ஈரானின் சுதந்திர வர்த்தக வலயம். உள்ளே போக முன்கூட்டி விசா தேவையில்லை. டுபாயில் வருகை விசாவில் வேலை தேடியவர்கள், விசா முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறிப் புது விசாவில் திரும்ப வேண்டியிருந்தது. கிட்ட இருந்ததும் மலிவானதும் கிஷ்தான். அரை மணித்தியாலப் பறப்பு. பிறகு ஒரு மலிவான அறை, புது விசா வரும் வரை காத்திருப்பு. இரண்டு நாள் என்று போனவர்கள் இரண்டு மாதம் இருந்ததும் உண்டு. 2004 பெப்ரவரி 10இல் கிஷ்ஷிலிருந்து வந்த விமானம் ஒன்று சார்ஜா விமான நிலையத்துக்கு அருகே விழுந்தது. அதில் இருந்த 46 பேரில் 43 பேர் இறந்தார்கள். விசா மாற்றப் போய்த் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அமீரகம் பல முறை பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறது. 1996, 2003, 2007, 2013, 2018, 2024 என்று அது தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் பெருந்தொகையானோர் அவுட்பாஸ் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தாள் இல்லாமல் இருப்பவரை அங்கே 'கல்லிவல்லி' என்பார்கள். கேலிச்சொல் போல ஒலிக்கும். அப்படி வாழ்ந்தவருக்கு அதில் கேலி ஒன்றும் இல்லை.

நான் வைத்திருந்த பதிவேடு

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். ஒலிபரப்பில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் முடித்து 1994இல் நான் வெளியேறினேன். அப்போது வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ் வேண்டும். நான் திரும்பி வருவேன் என்று ஒருவர் பிணை நிற்கவேண்டும். என் பெரியப்பா கையெழுத்து வைத்தார். கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தேன். என் தங்கை 1997இல் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தபோது இராணுவத்தின் பாஸ் வேண்டும். அங்கேயும் உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வவுனியாப் பாஸ் முறை 2002 வரை நீடித்தது. ஆகவே சார்ஜாவில் ஒரு கம்பனியில் கணக்காளனாகச் சேர்ந்து, கபீல், பிணை, என்.ஓ.சி. என்ற சொற்களைக் கேட்டபோது எனக்கு அவை புதிதாகத் தோன்றவில்லை. ஒருவன் தன் பெயரில் மட்டும் நடமாட முடியாது என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. நான் கேள்வி கேட்காததற்கு அதுவே காரணம் என்று இன்று நினைக்கிறேன்.

கம்பனியின் பெயர் தேவையில்லை. அறுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். அத்தனை பேரின் கடவுச்சீட்டும் என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில் இருந்தன. நான் ஒரு பதிவேடு போட்டு வைத்திருந்தேன். இலக்கம், காலாவதித் திகதி, விசா முடியும் திகதி, உள்ளே வந்தது, வெளியே போனது. பேரேடு எழுதுவது போலவே அழகாக எழுதினேன். முதலாளி வருபவர்களுக்கு அதைக் காட்டி என்னைப் பாராட்டுவார்.

1998இல் ஒரு புதன்கிழமை இரவு, மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு தம்பியின் தாயார் இறந்துவிட்டார். மேசன் வேலை செய்தவன். மறுநாள் காலை அழுதுகொண்டு வந்து கடவுச்சீட்டைக் கேட்டான். ரிக்கற்றுக்கு நண்பர்கள் காசு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய விசா செல்லுபடியாக இருந்தது. அமீரகத்தில் சவூதியைப் போலவோ கட்டாரைப் போலவோ வெளியேற முதலாளியின் அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. கடவுச்சீட்டு கையில் இருந்தால் அன்றிரவே அவன் பறந்திருக்கலாம். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். அவர் சொல்லாமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்றார் மனேஜர். வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை மாலைதான் முதலாளி தொலைபேசியில் கிடைத்தார். அவர் உடனே சரி என்றார்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சனிக்கிழமை பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போது அவன் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று. "அண்ணை, சாவி உங்களிட்டைத்தானே இருந்தது."

ஓம், சாவி என்னிடம்தான் இருந்தது. மூன்று நாளும் என் காற்சட்டைப் பையில் இருந்தது. கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கலாம். வேலை போனால் விசா போகும், விசா போனால் நான் கொழும்புக்குப் போகவேண்டும். என் பயம் பொய்யல்ல. ஆனாலும் அவனுக்கு நான் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. இன்றும் இல்லை. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கக்கூடாது என்று அமீரக உள்துறை அமைச்சு 2002இல் சுற்றறிக்கை விட்டது. அதை நான் கனடாவில் இருந்து வாசித்தேன். பிணை முறை ஓர் அரசாலும் ஒரு முதலாளியாலும் மட்டும் நடந்ததல்ல. என்னைப் போன்ற பதிவேடு எழுதுபவர்களும் அதை நடத்தினோம்.

இன்றைய நிலை

கடந்த சில ஆண்டுகளில் பல மாற்றங்கள் வந்திருக்கின்றன. கட்டார் 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டை நீக்கியது. 2020 தொடக்கத்தில் வீட்டுப் பணியாளருக்கும் அதை விரிவாக்கியது. அதே ஆண்டு, வேலை மாற என்.ஓ.சி. தேவையில்லை என்றும் சட்டம் செய்தது. ஓமான் 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடித்தவர் என்.ஓ.சி. இல்லாமல் வேறு வேலைக்குப் போக வழிவிட்டது. சவூதி 2021 மார்ச்சில் வேலை மாறுவதையும் வெளியேறுவதையும் இலகுவாக்கியது. ஆனால் வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. அமீரகம் 2019இல் பொன் விசாவையும் 2022இல் பசுமை விசாவையும் கொண்டுவந்தது. இவற்றை எடுப்பவருக்குக் கபீல் தேவையில்லை. ஆனால் அதற்குச் சொத்தோ உயர்ந்த தகைமையோ வருமானமோ வேண்டும். யாத்திரிகரையும் வேலையாட்களையும் தவிர மற்றவருக்குப் பெரும்பாலும் மூடிக்கிடந்த சவூதி, 2019 செப்டெம்பரில் முதன்முறையாகப் பொதுச் சுற்றுலா விசாவை 49 நாட்டவருக்குத் திறந்தது. மக்காவுக்குள் முஸ்லிம்கள் மட்டுமே போகலாம் என்ற விதி மாறவில்லை.

எல்லாம் ஒரே திசையில் போவதாகவும் நினைக்கவேண்டாம். குவைத் 2025 ஜூலை 1 முதல், தனியார் துறை வெளிநாட்டுத் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் ஒப்புதலோடு அனுமதி பெறவேண்டும் என்று புதிதாக விதி செய்திருக்கிறது. பர்வாச் சீட்டு இப்போது கைத்தொலைபேசியில் வருகிறது.

கனடாக் கடவுச்சீட்டுப் பற்றியும் ஒரு வார்த்தை. விமான சேவை உரிமை தொடர்பான பிணக்கில், 2011 ஜனவரி முதல் கனேடியர் முன்கூட்டி விசா எடுக்கவேண்டும் என்று அமீரகம் விதித்தது. கட்டணமும் அதிகம். 2013இல்தான் அது தளர்ந்தது. அதேபோல, 2014 ஒக்டோபரில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. நம்மில் சிலர் ஓமந்தையில் திருப்பி அனுப்பப்பட்டோம். 2015 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. கடவுச்சீட்டின் நிறம் நல்லதாக இருப்பதால் வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பவேண்டாம். பயணம் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாட்டுத் தூதரகத்தின் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

தொலைபேசி எடுத்த பிள்ளைக்கு என் பதில் இதுதான். மகள், உன் அப்பா பயந்தது உனக்காக மட்டுமல்ல. அவர் அந்தக் கவுண்டருக்கு முன்னால் இன்னும் நிற்கிறார். உன்னை ஒரு நிமிடத்தில் உள்ளே விட்ட அதே வாசலில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வேறு ஒருவரின் பெயரில் காத்திருக்கிறார்கள். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேள். முதலில் அந்தப் பழைய கடவுச்சீட்டை எடுத்து வரச் சொல்.

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கடவுச்சீட்டு, பக்ஸில் வந்த விசா, பத்தாக்கா, இக்காமா, அவுட்பாஸ், வவுனியாப் பாஸ், எது இருந்தாலும் எறியவேண்டாம். நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே உங்கள் கையில் திருப்பித் தருவோம். உங்கள் குரலில் அதன் கதையையும் பதிவு செய்வோம். மட்டக்களப்புத் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் எப்படியாவது அவன் கண்ணில் பட்டால், அன்று சொல்லாத மன்னிப்பை இங்கே எழுதியிருக்கிறேன் என்று அறிந்துகொள்ளட்டும்.